முடி வெட்டிய கையில் பிடில்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் டெக்சாஸ் பிடில் கலைஞர் ஜானி கிம்பிளைப் பற்றிப் போகிற போக்கில் நான்கு வரி எழுதியிருந்தேன். அமெரிக்கக் கிராமப்புற இசையான கன்ட்ரியில் பெரிய பெயர் எடுத்த அவர், நடுவில் பல ஆண்டுகள் முடிதிருத்துநராக வேலை பார்த்தார் என்பது அதில் ஒரு வரி. அந்த ஒரு வரிக்கே இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. வழக்கமாக வரும் சுருதிப் பெட்டி, கமகம், பழைய சினிமாப் பாட்டுக் கேள்விகள் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும். இந்த முறை கிம்பிளுக்கே இடம்.

மதுரை வாசகர்: அவ்வளவு பெரிய கலைஞர் ஏன் முடி வெட்டப் போனார்? குடித்துக் கெட்டுவிட்டாரா?

கலைஞன் வேறு வேலைக்குப் போனால் குடித்துக் கெட்டிருக்க வேண்டும் என்பது சினிமா நமக்குப் பழக்கிய கதை, ஐயா. கிம்பிள் போனது குடும்பம் நடத்த. அவ்வளவுதான்.

அவர் பிறந்தது 1926 மே 30 அன்று, கிழக்கு டெக்சாஸில் டைலர் என்ற ஊரில். ரோஜாச் செடி வளர்ப்புக்குப் பேர்போன ஊர் அது. அதனால்தான் அண்ணன் தம்பிகள் சேர்ந்து அமைத்த குழுவுக்கு 'ரோஸ் சிட்டி ஸ்விங்ஸ்டர்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். பிடில், மாண்டலின் இரண்டையும் ஜானி பிடித்துக்கொண்டார். பதின்வயதிலேயே பக்கத்து மாநிலமான லூசியானாவுக்குப் போய், ஜிம்மி டேவிஸ் என்ற பாடகரின் ஆளுநர் தேர்தல் பிரசாரத்தில் வாசித்தார். டேவிஸ் மேடையில் பாடி ஓட்டுக் கேட்டவர். 1944-ல் ஆளுநரும் ஆனார். டெக்சாஸிலோ அதற்கும் முன்பே, 1938-ல், கோதுமை மாவு விளம்பரத்துக்கு வானொலியில் இசைக்குழு நடத்திய ஓ'டேனியல் ஆளுநர் தேர்தலில் ஜெயித்திருந்தார். பாட்டும் ஓட்டும் ஒன்றாக நடப்பது நமக்கு மட்டும் உரிய வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

உலகப் போரில் ராணுவ வேலை முடிந்து ஊர் திரும்பியவரை 1949-ல் பாப் வில்ஸ் தன் 'டெக்சாஸ் பிளேபாய்ஸ்' குழுவில் சேர்த்துக்கொண்டார். டெக்சாஸ் பிடில்காரனுக்கு அதற்கு மேல் ஒரு வேலை அன்று கிடையாது. வில்ஸின் இசைக்கு 'வெஸ்டர்ன் ஸ்விங்' என்று பெயர். நாட்டுப்புறப் பிடில் மெட்டை எடுத்துக்கொண்டு, அதற்கு ஜாஸ் தாளமும் டிரம்ஸும் ஸ்டீல் கிட்டாரும் சேர்த்து, ஜனங்களை ஆட வைப்பது. உட்கார்ந்து கேட்கும் சபை இல்லை, ஜோடி ஜோடியாக ஆடும் கூடம். தாளம் ஒரு நூல் தளர்ந்தாலும் ஆடுகிறவர்களின் காலிலேயே அது தெரிந்துவிடும்.

1950-களில் இரண்டு பக்கமிருந்தும் அடி விழுந்தது. வீட்டுக்குள் தொலைக்காட்சி வந்தது, வெளியே ராக் அண்ட் ரோல் வந்தது. நடனக் கூடங்களில் கூட்டம் குறைந்தது. அதே சமயம், கன்ட்ரி இசையின் பதிவுத் தலைநகரான நாஷ்வில்லில் தயாரிப்பாளர்கள் பட்டணத்துக் காதுக்கும் பிடிக்க வேண்டும் என்று பிடிலையும் ஸ்டீல் கிட்டாரையும் ஓரம் கட்டினார்கள். அந்த இடத்தில் கோரஸ் குரல்களையும், தாளைப் பார்த்து வாசிக்கும் வயலின் வரிசையையும் உட்கார வைத்தார்கள். 'நாஷ்வில் சவுண்ட்' என்று அதற்குப் பெயர்.

கிம்பிளுக்கு மனைவி, பிள்ளைகள் இருந்தார்கள். வேக்கோ நகரில் குடியேறி, முடிதிருத்தும் தொழிலைக் கற்றுக்கொண்டு, முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். நடனக் கூடங்களில் வாசிப்பதை விடவில்லை. வேக்கோ தொலைக்காட்சியில் சொந்தமாக ஒரு நிகழ்ச்சியும் நடத்தினார். இதில் சோகம் எங்கே இருக்கிறது?

விருதுநகர் வாசகர்: எங்கள் பக்கம் முடிதிருத்தும் குடும்பத்தார்தான் மேளமும் நாகசுரமும் வாசிப்பார்கள். என் தாத்தாவும் வாசித்தார். அமெரிக்காவிலும் அப்படி உண்டா?

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நம் ஊர்களில் அது பிறப்பால் வந்த முறை. கல்யாணத்துக்கு மங்கல இசை வேண்டும், வாசிக்கிறவரைத் திண்ணையில் உட்காரச் சொல்ல மாட்டோம் என்ற கணக்கும் அதோடு சேர்ந்தே இருந்தது. அங்கே வெள்ளைக்காரர்களுக்குள் அப்படிப் பிறப்புக் கட்டு இல்லை. கிம்பிள் தானாகத் தேர்ந்தெடுத்த வேலை அது.

ஆனால் உங்களுக்குப் பிடிக்கும் ஒரு செய்தி இருக்கிறது. கிம்பிளின் முதலாளி பாப் வில்ஸும் முடிதிருத்துநர்தான். 1920-களின் பிற்பகுதியில் மேற்கு டெக்சாஸில் டர்க்கி என்ற சின்ன ஊரில் கடையில் நின்று முடி வெட்டினார், இரவில் பண்ணை வீட்டு நடனங்களில் பிடில் வாசித்தார். அவர் கத்தரியை வைத்துவிட்டுப் பிடிலோடு கிளம்பினார். கிம்பிள் கொஞ்ச காலம் பிடிலைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கத்தரி எடுத்தார்.

இன்னொரு முன்னோடி, டெக்சாஸின் எக் ராபர்ட்சன். 1922-ல் நியூயார்க் போய் விக்டர் நிறுவனத்துக்குப் பிடில் வாசித்தார். கன்ட்ரி இசையின் முதல் வணிக இசைத்தட்டுகளுக்குள் அவை எண்ணப்படுகின்றன. அவரும் பியானோவுக்குச் சுருதி சேர்த்துக் கொடுத்துப் பிழைத்தவர்தான். பிடில் மட்டுமே சோறு போட்ட பிடில்காரர்கள் அந்த நாட்டிலும் குறைவு.

தஞ்சாவூர் வாசகி: பிடிலும் வயலினும் வேறு வேறா?

ஒரே வாத்தியம்தான் அம்மா. உங்கள் வீட்டுப் பெரியவர்களும் பிடில் என்றுதான் சொல்லியிருப்பார்கள். நாட்டுப்புறப் பிடில்காரர்களில் சிலர் குதிரையின், அதாவது தந்திகளைத் தாங்கும் மரத் துண்டின், வளைவைக் கொஞ்சம் தட்டையாகச் சீவிக்கொள்வார்கள். இரண்டு தந்தியைச் சேர்த்து இழுக்க அது வசதி. மற்றபடி வித்தியாசமெல்லாம் வில்லில் இருக்கிறது. டெக்சாஸ்காரர்கள் வில்லை நீளமாக இழுப்பார்கள். ஒரே வீச்சில் பல சுரங்கள் வழுக்கி வரும். நம் வாசிப்போடு அவர்கள் கிட்டே வருவது அங்கேதான். ஒரு சின்ன மெட்டைத் திரும்ப வரும்போதெல்லாம் மாற்றி வாசிப்பார்கள். அதற்கு மேல் ஒப்பிட்டுக்கொண்டே போனால் வீண் பெருமை பேச ஆரம்பித்துவிடுவோம்.

டொராண்டோவிலிருந்து யாழ்ப்பாணத்து வாசகர்: நீங்கள் சென்னையில் சினிமாப் பாட்டுக்கு வாசித்தவர். நாஷ்வில்லில் கிம்பிள் செய்த வேலையும் அதேதானே?

அதே வேலை, வேறு முறை. கேட்டதற்கு நன்றி, இதைப் பேசத்தான் எனக்கு ஆசை.

1960-களின் கடைசியில் கிம்பிள் நாஷ்வில் போனார். அங்கே ஒரு கால்ஷீட் 3 மணி நேரம். காலை 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று நாளைக்கு நான்கு வேளை. ஒரு வேளைக்குள் மூன்று நான்கு பாட்டை முடித்துவிடுவார்கள். இசைக் கலைஞர் சங்கம் கூலியை நிர்ணயித்திருக்கும், குழுவை நடத்துகிறவருக்கு இரட்டைக் கூலி.

எங்களுக்கு ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக நொட்டேஷன் எழுதி வைத்திருப்பார்கள். கண்டக்டர் கை அசைத்தால் அதை அப்படியே வாசிக்க வேண்டும். நாஷ்வில்லில் பெரும்பாலும் அப்படி எழுதுவதில்லை. மாதிரிப் பாட்டை ஒரு முறை போட்டுக் காட்டுவார்கள். கேட்டுக்கொண்டே 1, 4, 5 என்று எண்களைக் குறித்துக்கொள்வார்கள். சுருதியின் ஆதார சுரம் 1. அதிலிருந்து நான்காவது சுரத்தின் மேல் எழும் கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டம், 4, ஐந்தாவதின் மேல் எழுவது 5. 'ஜார்டனேர்ஸ்' என்ற கோரஸ் குழுவின் நீல் மேத்யூஸ் 1950-களின் கடைசியில் தொடங்கிவைத்த முறை இது. இன்றைக்கும் 'நாஷ்வில் எண் முறை' என்றால் உலகம் முழுக்கத் தெரியும். ச, ம, ப தெரிந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம். பாடகி "தொண்டை கட்டியிருக்கிறது, அரைக் கட்டை இறக்குங்கள்" என்றால் அந்தத் தாளில் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை. எங்களுக்கு அப்படி நடந்தால் நகல் எழுதுகிறவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

எண் கார்டைத்தான் சொல்லும், பிடில் என்ன வாசிக்க வேண்டும் என்று சொல்லாது. அதை வாசிக்கிறவரே கண்டுபிடிக்க வேண்டும். பாடகர் ஒரு வரியை முடித்து அடுத்த வரியைத் தொடங்குவதற்குள் இரண்டு மூன்று விநாடி இடைவெளி வரும். அதற்குள் ஏதாவது சொல்லிவிட்டு, அடுத்த சொல் வருவதற்குள் விலகிவிட வேண்டும். கிம்பிளுடைய பெருமை அங்கே இருக்கிறது. அவர் சொருகும் துண்டுகள் பாட்டின் மெட்டிலிருந்தே முளைத்திருக்கும். பாடுகிறவரை ஒருபோதும் இடித்துக்கொண்டு நிற்காது. ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட் 1983-ல் பாடி வெளியிட்ட, பாப் வில்ஸ் குழுவும் முன்பு வாசித்த 'ரைட் ஆர் ராங்' என்ற பாட்டைக் கேளுங்கள். பிடில் எப்போது வாயைத் திறக்கிறது, எப்போது மூடிக்கொள்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.

மேலே மதுரைக்காரருக்கு எழுதிய பதிலில், பிடிலை விரட்டிவிட்டு வயலின் வரிசையை உட்கார வைத்தார்கள் என்றேன் அல்லவா? தொழில் முறையில் நான் அந்த வரிசையைச் சேர்ந்த ஆள். எங்களைப் பிற்பாடு கீபோர்டு விரட்டியது. முப்பது பேர் வாசித்ததை ஒரே ஆள் ஒரு பொத்தானில் வாசித்துவிட்டார். நான் ஜெராக்ஸ் கடை வைத்தேன். நன்றாகவே ஓடியது.

கோயம்புத்தூர் மாணவர்: நான் பொறியியல் இறுதியாண்டு. வயலின்தான் என் உயிர். கிம்பிள் வாழ்க்கையைப் பார்த்தால் வேலைக்குப் போகாமல் இசையிலேயே இறங்கலாமா, வேண்டாமா என்று குழப்பமாக இருக்கிறது.

வேலைக்குப் போ தம்பி. மாலையில் வாசி. முடி வெட்டிக்கொண்டிருந்த ஆண்டுகளில் கிம்பிளின் விரல் ஒன்றும் துருப்பிடித்துவிடவில்லை. 1970-ல் கன்ட்ரி பாடகர் மெர்ல் ஹாகர்ட், பாப் வில்ஸுக்கு மரியாதை செய்ய ஒரு முழு ஆல்பம் போட்டபோது, பழைய பிளேபாய்ஸ் கலைஞர்களைத் தேடிக் கூட்டி வந்தார். அவர்களில் கிம்பிளும் ஒருவர். அதற்குப் பிறகு அவருக்கு ஓய்வே இல்லை.

வயலின் உயிர் என்றால் மாதச் சம்பளம் வாங்கினால் போய்விடுமா?

சேலம் வாசகர்: அவர் பிடிலுக்கு ஐந்து தந்தி என்று படித்தேன். சௌடையா ஏழு தந்தி வைத்தது போலவா?

காரணம் வேறு. மைக் இல்லாத காலத்தில் பெரிய கூட்டத்துக்கு ஒலி எட்ட வேண்டும் என்று மைசூர் வயலின் வித்வான் சௌடையா தந்திகளை இரட்டிப்பாக்கினார். கிம்பிளுக்குச் சத்தம் ஒரு பிரச்சினையே இல்லை, மைக்கும் ஆம்ப்ளிஃபையரும் இருந்தன. அவருக்கு வேண்டியது ஆழம். வழக்கமான நான்கு தந்திகளுக்குக் கீழே இன்னொரு தடித்த தந்தி போட்டு, வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவின் மந்திர ஸ்தாயியையும் ஒரே வாத்தியத்துக்குள் கொண்டுவந்தார். பாடகரின் குரலுக்கு மேலே பறப்பது எந்தப் பிடிலுக்கும் எளிது. குரலுக்குக் கீழே போய்த் தாங்க ஐந்தாவது தந்தி உதவும்.

சங்கடமும் உண்டு. அதே அகலத்தில் ஐந்து தந்தி என்றால் தந்திக்குத் தந்தி கோணம் குறைந்துவிடும். வில் கொஞ்சம் சாய்ந்தால் பக்கத்துத் தந்தியும் சேர்ந்து கத்தும். கிம்பிளின் வலது மணிக்கட்டைப் பழைய தொலைக்காட்சிப் பதிவுகளில் பாருங்கள். கிட்டத்தட்ட சோம்பேறித்தனமாக அசையும். அப்படி அசைய எவ்வளவு உழைத்திருக்க வேண்டும் என்று வயலின் பிடித்தவர்களுக்குத் தெரியும்.

ஈரோடு வாசகி: வாசித்துக்கொண்டே கூடவே பாடுவாராமே?

பாட்டில்லை, முனகல். வில் போகும் சுரத்தையே வாயாலும் சேர்த்து இசைப்பார். ஜாஸில் ஸ்லாம் ஸ்டூவர்ட் பெரிய பேஸ் வாத்தியத்தை வில்லால் வாசித்துக்கொண்டே இப்படிச் செய்து பேர் வாங்கியிருந்தார். கூட்டம் கைதட்டும். எனக்கு ஒரு பாட்டு போதும். இரண்டாவது பாட்டிலும் வந்தால் பிடிலைத் தனியாகக் கேட்க விடுங்கள் ஐயா என்று சொல்லத் தோன்றும்.

சென்னை வாசகர்: கன்ட்ரி இசை வெள்ளையர்களின் இசை. அதைப் போய் இவ்வளவு கொண்டாட வேண்டுமா?

விற்பனைக்காக ஒட்டிய சீட்டு அது. இசைத்தட்டு நிறுவனங்கள் 1920-களில் கறுப்பர்களுக்கு ஒரு பட்டியல், கிராமத்து வெள்ளையர்களுக்கு ஒரு பட்டியல் என்று பிரித்து விற்றன. பிடிலுக்கு அந்தப் பட்டியல் தெரியாது. அடிமைக் காலத்திலிருந்தே தெற்கில் எஜமானர் வீட்டு நடனங்களுக்குப் பிடில் வாசித்தவர்களில் ஏராளமானோர் கறுப்பர்கள். பாப் வில்ஸ் பருத்திக் காட்டில் கறுப்பர்களோடு வேலை செய்து, அவர்கள் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர். வெஸ்டர்ன் ஸ்விங்கில் அவர்களுடைய புளூஸையும் ஜாஸையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது கொஞ்சம்தான். ஆனால் வில்ஸ் குழு வாசித்த கூடங்களில் ஆடியவர்கள் வெள்ளையர்கள், அந்தக் காலத்து நிறப் பிரிவினைச் சட்டப்படி. இதை மறைத்துவிட்டு அந்த இசையைப் புகழ்வது எனக்கும் ஒப்பாது.

கிம்பிளை விட இரண்டு வயது மூத்தவர் கிளாரன்ஸ் 'கேட்மவுத்' பிரவுன். லூசியானாவில் பிறந்து டெக்சாஸ் எல்லை ஊரான ஆரஞ்சில் வளர்ந்த கறுப்பர். பிடில் வாசித்த தந்தையைப் பார்த்து வளர்ந்து, புளூஸ் கிட்டாரும் கன்ட்ரி பிடிலும் ஒரே மேடையில் வாசித்தவர். அவரை ஒரே பெட்டியில் அடைக்கப் பார்த்தவர்களிடம் கடைசி வரை சண்டை போட்டார். அடுத்து அவரைக் கேளுங்கள்.

திருச்சி வாசகர்: பின்னணியிலேயே இருந்துவிட்டாரே, உரிய பெயர் கிடைத்ததா?

கிடைத்தது, அதுவும் தாராளமாக. கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் ஆண்டின் சிறந்த வாத்தியக் கலைஞராக அவரை ஐந்து முறை தேர்ந்தெடுத்தது: 1975, 1986, 1987, 1989, 1990. கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சனோடு ஊர் ஊராகச் சுற்றினார். கிளின்ட் ஈஸ்ட்வுட் 1982-ல் எடுத்த 'ஹாங்கிடாங்க் மேன்' படத்தில் பாப் வில்ஸாகவே நடித்தார். தன் முதலாளி வேஷத்தைத் தானே போடும் வாய்ப்பு எத்தனை பக்கவாத்தியக்காரருக்குக் கிடைக்கும்? 1994-ல் அரசின் தேசியப் பாரம்பரியக் கலைஞர் விருது. 2018-ல் கன்ட்ரி இசைப் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள். அப்போது அவர் உயிரோடு இல்லை. 2015 மே 9 அன்று, 89 வயது நிறைய மூன்று வாரம் இருக்கும்போது இறந்தார். நம் பக்கமும் சபாக்கள் விருதுப் பட்டியலை வேகமாக முடித்தால் நல்லது என்று இந்த இடத்தில் சொல்லிவைக்கிறேன்.

புதுச்சேரி வாசகி: எனக்குப் பன்னிரண்டு வயதில் வயலின் கற்கும் பேத்தி இருக்கிறாள். அவளுக்கு எதைக் கேட்கக் கொடுக்கலாம்?

முதலில் அலிசன் கிராஸ். இலினாய் மாநிலப் பிடில் போட்டியில் அவர் ஜெயித்தபோது உங்கள் பேத்தியின் வயதுதான். பிறகு பாடகியாகி 27 கிராமி விருதுகள் வாங்கினார். சின்னப் பெண்ணுக்கு அந்தத் தகவலே பாதி சாதகம் செய்ய வைக்கும்.

அடுத்து, 1974-ல் வெளிவந்த பாப் வில்ஸின் கடைசி ஆல்பம். 1973 டிசம்பரில் பழைய தோழர்களை டாலஸில் கூட்டிப் பதிவு செய்தார்கள். வில்ஸ் சக்கர நாற்காலியில் வந்திருந்தார். முதல் நாள் வேலை முடிந்த இரவு பக்கவாதம் தாக்கி நினைவிழந்தார், பிறகு மீளவேயில்லை. மற்றவர்கள் அவர் இல்லாமலே பதிவை முடித்தார்கள். கிம்பிளும் அதில் வாசித்திருக்கிறார். இந்தக் கதையைப் பேத்தியிடம் முதலில் சொல்லாதீர்கள், சோகப் பாட்டு என்று நினைத்துக்கொள்வாள். அது ஆடுவதற்கான இசை. இரண்டு மூன்று பிடில்கள் சேர்ந்து இசையும் இடங்களில் எது மேல் குரல், எது கீழ்க் குரல் என்று பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். கீழ்க் குரலை மட்டும் பாடிக் காட்டினால் சாக்லேட் வாங்கிக் கொடுங்கள்.

வாத்தியாரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வர்ணம் வாசிக்கும்போது நடுவில் டெக்சாஸ் வழுக்கல் வந்துவிட்டால் என்னைத் திட்டி அவர் கடிதம் எழுதுவார்.